சர்க்கரையை மறக்காத செல்கள்

ஜனவரி 9

காலையில் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து ஆய்வகத்துக்குத் தொப்புள்கொடி வந்தது. கழுவி, ரத்தக்குழாயின் உள்சுவர்ச் செல்களைப் பிரித்துத் தட்டுகளில் விட்டேன். சாயங்காலம் வீட்டில் மத்தி மீன் கழுவும்போதும் கையில் அதே வாடை.

என் கணவர் ப்ரேமேட்டன் வயநாடு டிரிப் முடிந்து வந்தார். பாலும் சர்க்கரையும் இல்லாத கட்டன் சாயாவை உயர்த்திக் காட்டினார். "பாத்தியாடீ ரஜிதா? நாலு மாசமா ரத்தத்துல சர்க்கரை நான் சொன்ன பேச்சக் கேக்குது. பழைய ஆட்டமெல்லாம் முடிஞ்சுபோச்சு." பத்துப் பன்னிரண்டு வருஷமாக மாத்திரையைப் பாக்கெட்டிலும் எண்ணெயில் பொரித்த பழம்பொரியை வாயிலும் வைத்துக்கொண்டு பஸ் ஓட்டியவர். சந்தோஷமாக இருந்தது எனக்கு.

ஜனவரி 23

மூன்று தட்டுகள். ஒன்றுக்குச் சாதாரணச் சர்க்கரை. ஒன்றுக்கு மிக அதிகம். மூன்றாவதற்கு ஒரு வாரம் அதிகம், அடுத்த வாரம் சாதாரணம். சர்க்கரை மிஞ்சும்போது செல்லுக்குள் எரிகிற அடுப்பு அளவுக்கு மீறி எரிந்து, முறிந்த ஆக்ஸிஜனைப் பொறிபோல் தெறிக்கும். அந்தப் பொறி இருக்கும் இடமெல்லாம் எங்கள் சாயம் பச்சையாக ஒளிரும். பொறியை அணைக்கும் மருந்து ஒன்றையும் வேறு தட்டுகளில் சோதிக்கிறோம்.

மூன்றாவது தட்டு இருட்டாக இருக்கும் என்று நினைத்தேன். பச்சை. இரண்டாவதைப் போலவே பச்சை.

சாயம் கெட்டுவிட்டதோ என்று ஏலியாம்மா மேடத்தைக் கூப்பிட்டேன். எங்கள் ஆய்வகத்தின் தலைவி. மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "சாயத்துல ஒண்ணுமில்ல. சர்க்கரைய இப்ப எடுத்துட்ட. சரி. அது பட்ட பாட்ட யாரு எடுப்பா? செல்லுக்கு ஞாபகம் உண்டு, ரஜிதா."

பஸ்ஸில் திரும்பி வரும்போது ப்ரேமேட்டனின் சாயா கிளாஸ் நினைவாகவே இருந்தது.

ஜனவரி 24

அவரிடம் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

பிப்ரவரி 11

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சோபாவில் சாய்ந்தார். இடது குதிகாலில் தோல் வழன்று சிவப்பாகத் தொங்கியது. எஞ்சின் பெட்டியை ஒட்டிய தகரம் பழுக்கச் சுட்டிருக்கிறது.

"ஐயோ, காலு!"

"எந்தக் காலு?" என்றார்.

அவருக்குத் தெரியவில்லை. கீழே குனிந்து, வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தார். நரம்புக்குச் சோறு போடும் மெல்லிய குழாய்கள் செத்துப்போனால் நரம்பும் சாகும். ஆய்வகத்தில் இதை நான் மாணவர்களுக்குப் பாடமாகவே சொல்லியிருக்கிறேன்.

"எப்போலேர்ந்து உணர்ச்சி இல்ல?"

"போன மழைக்காலத்துலேர்ந்து."

"ரெண்டு காலுமா?"

வலது காலைச் சோபாவுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"அப்ப பிரேக்கு?"

"முட்டியில தெரியும்டீ. சந்தேகம் வந்தா குனிஞ்சு ஒரு பார்வை, அவ்வளவுதான்."

குனிந்து பார்ப்பாராம். மலைப்பாதை வளைவில். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தொங்கிக்கொண்டு வரும் வண்டியில்.

பிப்ரவரி 12

இனி ஓட்டக் கூடாது என்றேன். "வண்டிய விட்டுட்டு நான் என்ன பண்றது? உன்கூட வந்து தட்டு கழுவவா?" கட்டுப்போட்ட காலோடு ஐந்தரைக்குக் கிளம்பிப் போய்விட்டார். வாசலில் மறித்திருக்கலாம். மறிக்கவில்லையே நான் — பகல் முழுக்க, மலையில் ஏதாவது ஆனது என்று போன் வருமோ என்று உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 14

பஸ் முதலாளி ஹம்சக்கோயாவின் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்து, தங்கையை அழைப்பதுபோல அழைத்துச் சொன்னார்: "இருபது வருஷத்துல என் வண்டியில ஒரு கீறல் போட்டதில்ல பெங்ஙளே, உன் மாப்பிள்ளை. இதச் சொல்ல நீதான் வரணுமா?"

வேறு யார் வருவார்கள்?

பிப்ரவரி 15

சாவியை வாங்கிக்கொண்டார்களாம். ஸ்டாண்டில், எல்லோர் முன்னாலும். வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. மகள் அனகாவிடம், நான் கேட்கட்டும் என்றே சொன்னார்: "உங்கம்மா என்னயும் ஒரு தட்டுல போட்டுப் பாத்துட்டா."

பிப்ரவரி 27

குதிகாலில் சீழ். இன்னும் பேசவில்லை.

மார்ச் 6

ஆஸ்பத்திரி. இடது கால் விரல்கள் கறுத்துவிட்டன. அறுவை டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். பெரிய குழாயைத் திறந்துவிட்டாலும் அதற்குக் கீழே ரத்தம் போக வழியே மிச்சமில்லை என்றார். நல்ல மனிதர். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

கட்டிலுக்குத் திரும்பினேன். மூன்று வாரத்துக்குப் பிறகு ப்ரேமேட்டனின் முதல் பேச்சு:

"அந்தப் பொறிய அணைக்கிற மருந்து ஒண்ணு வச்சிருக்கீங்கள்ல? தட்டுல வேலை செய்யுதுன்னு அனகா சொன்னா."

"செய்யுது."

"எனக்குக் குடு. யாருக்குத் தெரியப்போவுது?"

"ப்ரேமேட்டா, ஆரம்பத்துலயே போட்ட தட்டுலதான் அது வேலை செஞ்சது. பிந்திப் போட்ட தட்டுல..."

"பிந்திப் போட்டதுல?"

"ஒண்ணும் ஆகல."

"இப்ப ஆறு மாசமா நான் ஒழுங்கா இருந்தது?"

பொய் சொல்லியிருக்கலாம். நர்ஸ் வந்தாலாவது தப்பியிருப்பேன். யாரும் வரவில்லை.

"அது வீண் இல்ல. மிச்சமிருக்கிறதக் காப்பாத்தும். போனத அது திருப்பித் தராது."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது. தொடப் பயமாக இருந்தது. தொடவில்லை.

மார்ச் 9

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 30

மருந்துச் சோதனை நன்றாக வந்ததற்கு ஆய்வகத்தில் அல்வா வாங்கினார்கள். மேடம் எனக்கு மட்டும் தராமல் அல்வாவை என்னைத் தாண்டி எடுத்துப் போனார். பிறகு என் பின்னால் வந்து, தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். இன்குபேட்டரில் புதுச் செல்கள் நன்றாக ஒட்டியிருந்தன.

ஏப்ரல் 16

விஷுப் பண்டிகையும் போயிற்று. நாங்கள் பட்டாசு வெடிக்கவில்லை. வீட்டில் பேச்சு இன்னும் அனகா வழியாகத்தான்.

ஏப்ரல் 21

காலையில் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். நாற்காலியில் இருந்தவர் தொண்டையைச் செருமினார். நிமிர்ந்தேன். லுங்கியை முழங்காலுக்கு மேல் ஏற்றி, வலது காலை என் பக்கமாக நீட்டியிருந்தார். முகம் ஜன்னல் பக்கம்.

துடைப்பத்தை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். பாதத்தை மடியில் எடுத்துக்கொண்டேன். குளிர்ந்திருந்தது. விரல் இடுக்கு, குதிகால், நகத்தின் ஓரம் எல்லாம் பார்த்தேன்.

"ஒண்ணுமில்ல," என்றேன்.

"சரியாப் பாரு," என்றார்.

மறுபடி முதலிலிருந்து பார்த்தேன்.