கை வெந்த விளக்குக்காரர்

மார்ச் 4

பாப்பாவின் அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் சுகம். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் எனக்கு வேலை தலைக்கு மேல்.

கப்பலிலிருந்து நீங்கள் எழுதி அனுப்பும் பூதக் கதையால் வீட்டில் ஒரு வினை. படுக்கும்முன் ஜெபத்தில் பாப்பா, "விளக்குக்காரரே, எங்கப்பாவைப் பத்திரமா பாத்துக்கோங்க" என்கிறாள். எனக்குப் பகீரென்றது. நன்றாகத் திட்டிவிட்டேன். கதையில் வரும் ஆளிடமா வேண்டுவது? நாளைக்கு ஆண்டவரும் அவளுக்கு ஒரு கதையாகிவிட்டால்? தயவுசெய்து நிறுத்துங்கள். சங்கீதம் எழுதி அனுப்புங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

கோபத்திலும் உங்கள் நினைவாகவே இருக்கும்,
நான்

ஏப்ரல் 2

என் மகாராணிக்கு,

உத்தரவு. நிறுத்தியாயிற்று. விளக்குக்காரர், பூதங்கள் பிள்ளைகளை அடைத்துவைத்திருக்கும் குகை வாசலில் நிற்கிறார், அங்கேயே நிற்கட்டும். எஞ்சின் அறை இரைச்சலில் எனக்கு வரும் ஜெபம் அந்தக் கதைதான். ஆனாலும் பிள்ளை குழம்பக்கூடாது. என் கோணல் கையெழுத்தில் ஒரு சங்கீதம் வைத்திருக்கிறேன்.

உன் அடங்கிய பிரஜை

மே 6

பாப்பாவின் அப்பாவுக்கு,

சங்கீதத்தை அழகாக வாசித்தாள். ஜெபம் மட்டும் செய்ய மாட்டேன் என்கிறாள்.

"ஏன்டி?" என்றேன்.

"நான் விளக்குக்காரரைக் கூப்பிட்டா நீ திட்டுற. கை வெந்தும் அவர் விளக்கைக் கீழ போடலம்மா. குகைக்குள்ள பிள்ளைங்க இருட்டுல இருக்காங்கல்ல."

"யாருடி அவரு?"

"இயேசப்பாதான். அப்பா பேரை மாத்தி வெச்சிருக்காரு. உனக்குத் தெரியலையா?"

எனக்குத் தெரியவில்லை. ஆணி பாய்ந்த கைகளைப் பற்றிச் சின்ன வயதிலிருந்து சுருதி பிசகாமல் பாடுகிறேன். அந்தக் கை வலித்திருக்கும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. உட்கார்ந்து அழுதேன். பாப்பா என் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

உங்கள் பழைய பக்கங்களையெல்லாம் எடுத்து வாசித்துவிட்டேன். அவர் உள்ளே போனாரா இல்லையா? சீக்கிரம் எழுதுங்கள்.

தோற்றுப்போன,
மகாராணி

ஜூன் 9

என் மகாராணிக்கு,

போனார். எப்படிப் போனார் என்பது கூடவே வருகிறது. முதலில் நீ வாசி, பிறகு அவளுக்குக் கொடு.

ஒன்று சொல்கிறேன், திட்டாதே. அவருக்குக் கை எழுத உட்கார்ந்தபோது எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கைதான். இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்போடு, நான் புறப்பட்ட அன்று என் சட்டைக்குப் பொத்தான் தைத்த கை. அதையே அவருக்குக் கொடுத்துவிட்டேன்.

உன் பிரஜை

ஜூலை 11

பாப்பாவின் அப்பாவுக்கு,

கடிதத்தைச் சலவைக்கூடத்திலேயே பிரித்தது என் தப்பு. கூட வேலை பார்ப்பவள், "என்னக்கா, கண்ணு இப்படிச் சிவந்திருக்கு?" என்றாள். வெந்நீர் ஆவி கண்ணில் பட்டுவிட்டது என்று சமாளித்தேன்.

பாப்பா மறுபடி ஜெபிக்கிறாள். நேற்று "இயேசப்பா" என்று சமர்த்தாகத் தொடங்கி உங்களுக்காக வேண்டினாள். அடுத்து என் முறை. கண்ணை மூடினேன், "விளக்குக்காரரே" என்று வாயில் வந்துவிட்டது. பாப்பா ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. என் தழும்புக் கையைப் பிடித்துக்கொண்டு ஆமென் சொன்னாள்.

சீக்கிரம் வீடு வந்து சேருங்கள்.

நான்