கிளிச் சிறகில் ஒரு சிவப்பு

கும்காபி, இஸ்தான்புல்
மார்ச் 4, 1962

அன்புள்ள வெர்ழின் அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி. அப்பாவின் கிளிக் கம்பளம் கிடைத்துவிட்டது!

இத்தனை வருஷமாகக் கண்டவர் வீட்டு வாசலிலெல்லாம் நின்று, அப்பா பட்டிலும் சரிகையிலும் நெய்தவற்றைத் தேடிச் சேர்க்கிறேன். இது மட்டும் கண்ணில் படவே இல்லை. போன வாரம் ஒரு பெரிய வீட்டில் பழைய சாமான் விற்கிறார்கள் என்று போனேன். பியானோ மேல் கிடந்தது. வெள்ளிச் சரிகை கறுத்துப்போயிருந்தது. ஆனால் பச்சைக் கிளியின் சிறகில், சின்ன வயசில் நீ தப்பாகப் போட்ட ஒற்றைச் சிவப்பு முடிச்சு, அழுக்கோடு அழுக்காக அப்படியே இருந்தது. அங்கேயே அழுதுவிட்டேன். அந்த வீட்டம்மாள் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தாள்.

உனக்கு அனுப்ப அனுமதி கேட்டேன். பழம்பொருள் நாட்டைவிட்டுப் போகக்கூடாதாம். நானாவது வெறுங்கையோடு வரலாமென்றால், என் மனைவி அனுஷ் படுத்த படுக்கை. அவளுக்கு நான்தான் கை, நான்தான் கால்.

கம்பளம் பழுதுபார்க்கும் கராபெத்திடம் கழுவி, ஓரம் கட்டித் தரச் சொல்லியிருக்கிறேன்.

உன் தம்பி,
ஓன்னிக்

மார்சேய்
மார்ச் 19

என் செல்லத் தம்பிக்கு,

உன் கடிதத்தை மருமகளைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னேன். அவள் அலுத்துக்கொண்டாள்.

எனக்கு இதயம் சரியில்லை. டாக்டர் என்னிடம் சிரிக்கிறார், வாசலில் போய் மகனிடம் முணுமுணுக்கிறார். மாடிப்படியே இறங்கக்கூடாதாம், நான் எங்கே அங்கு வர?

முழுக் கம்பளத்துக்கு ஆசைப்படவில்லை. என் சிவப்பு முடிச்சை மட்டும் எடுத்து உறையில் போட்டு அனுப்பு. ஒரு நூல் போனால் உன் பொக்கிஷம் மூளியாகிவிடும் என்று மூஞ்சியைத் தூக்காதே. உன் சேகரிப்புப் பைத்தியம் எனக்குத் தெரியாததா? நாம் உட்கார்ந்திருந்த தறியிலிருந்து அது ஒன்றாவது என் கையில் இருக்கட்டும். சீக்கிரம் அனுப்பு.

அக்கா,
வெர்ழின்

கும்காபி
ஏப்ரல் 2

அக்கா,

இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்பப் போவதில்லை. எழுதாமலிருந்தால் மண்டை வெடித்துவிடும்.

கராபெத் இன்று கம்பளத்தைக் கொண்டுவந்து விரித்தான். வெள்ளி பளபளத்தது. கிளியைப் பார்த்தேன். சிறகு முழுக்கப் பச்சை.

"சிவப்பு எங்கடா?"

"அதையா கேக்கறீங்க? எவனோ கத்துக்குட்டி தப்பா போட்டிருந்தான். பிடுங்கிட்டு நல்ல பச்சையா கட்டிட்டேன். உங்கப்பாவோட பேரு கெடக்கூடாதில்ல?"

அவனை என்ன சொல்ல? தப்பைத் திருத்துவதுதானே அவன் தொழில். நான்தான் வாயைத் திறந்து சொல்லவில்லை. இருவரும் அவன் பட்டறைக்கு ஓடி, மண்டியிட்டுக் குப்பையைக் கிளறினோம். பழைய குப்பை அடுப்புக்குப் போயாயிற்று என்று அவன் மனைவி சொன்னாள்.

உன் இதயத்தை வைத்துக்கொண்டு இதை உனக்கு எப்படிச் சொல்வேன்?

ஏப்ரல் 5

அன்புள்ள அக்கா,

நீ கேட்டது உள்ளே இருக்கிறது. மெல்லிய தாளில் மடித்திருக்கிறேன், பிரிக்கும்போது பெருமூச்சு விட்டுப் பறக்கவிடாதே. ஊசியால்தான் எடுத்தேன், கம்பளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அனுஷ் உனக்கு முத்தம் தரச் சொன்னாள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடு.

ஓன்னிக்

மார்சேய்
ஏப்ரல் 20

என் ஓன்னிக்,

மருமகள் ஈஸ்டர் முட்டைகளுக்குச் சிவப்பேற்றிக்கொண்டிருக்கிறாள். இதை நானே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முடிச்சு வந்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். பட்டு. அப்பா தோய்த்த சிவப்பேதான், சந்தேகமில்லை. ஆனால் என் முடிச்சு பட்டு இல்லையடா. பச்சைப் பட்டு தீர்ந்துபோய், அப்பா வருவதற்குள் முடிக்க வேண்டுமே என்று, என் காலுறைக் கம்பளியைப் பிய்த்துக் கட்டியது. அதை யாருக்கும் சொன்னதில்லை.

என்னுடையது என்ன ஆயிற்று என்று கேட்கமாட்டேன். போனது போகட்டும். விருந்தாளி கம்பளத்தைச் செருப்போடு மிதித்தாலே குதிக்கிறவன் நீ. எனக்காக அப்பாவின் எந்தக் கம்பளத்துப் பூவைக் குடைந்தாய்?

அன்றைக்கும் இப்படித்தான். "யார் போட்டது இது?" என்று அப்பா கத்தியபோது "நான்தாம்பா" என்று முன்னால் போய் நின்றாய். அடித்துவிட்டு, முடிச்சை அப்படியே விட்டுவிட்டார். நான் தறிக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

நூல் என் ஜெபப்புத்தகத்தில் இருக்கிறது. என்னைப் பெட்டியில் வைக்கும்போது அதையும் வைக்கச் சொல்லிவிட்டேன்.

அவர் அறைந்தது உன் இடது கன்னத்தில். இங்கிருந்து தடவிவிட எனக்குக் கை எட்டவில்லை. அனுஷுக்குக் கை தூக்க முடிகிற நாளில், அவளைத் தடவிவிடச் சொல்.

உன் அக்கா