அருணாதேவி கடை மாத்திரை

அச்சங்குளம்,
ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

சினேகாவின் அப்பா மாரிக்கண்ணன் அவர்களுக்கு,

உங்கள் மனைவி செல்வலட்சுமி அன்போடும், அதைவிடக் கூடுதலான கோபத்தோடும் எழுதிக்கொள்வது. சினேகாவுக்குக் காதுவலி முழுசாக நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமையிலிருந்து பள்ளிக்கூடம் போகிறாள். அத்தைக்கு மூட்டுவலி எப்போதும் போலத்தான். இங்கே மழை இல்லை. தீபாவளி சீசன் என்பதால் எங்கள் பட்டாசுக் கம்பெனியில் ஆர்டர் குவிந்து கிடக்கிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நீங்கள் இந்தூர் பட்டாசு குடோனில் ஒரு ரூமுக்குள் இத்தனை பேர் அடைந்து கிடக்கிறீர்கள். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சோறு வடிக்கிறீர்கள். நான் சண்டை போட்டால் அவர்களுக்கெல்லாம் ஓசியில் சினிமா. அதனால்தான் அங்கே லோடு ஏற்றிக்கொண்டு வரும் டிரைவர் தனுஷ்கோடி அண்ணனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். முதல் தடவை சாத்தூர் டாக்டரிடம் சினேகாவின் காதைக் காட்டியபோது என் கட்டைவிரலையும் காட்டினேன். கம்பெனியில் பெட்டி அட்டைக் கட்டைப் பிரிக்கும்போது கத்தி பட்ட இடம் பழுத்து வீங்கியிருந்தது. பிள்ளைக்கு ஒரு சீட்டும் எனக்கு ஒரு சீட்டும் எழுதினார். இரண்டுமே ஆன்டிபயாட்டிக் மாத்திரை. வாசலில் இருந்த மெடிக்கலில் விலை கேட்டேன். வாரக்கூலியை அப்படியே கொடுத்துவிட்டு, ஊருக்கு நடந்துதான் வர வேண்டும் போலிருந்தது.

அங்கே நின்றுதான் உங்களுக்குப் போன் செய்தேன். பிள்ளை காது, என் விரல் இரண்டையும் சொன்னேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "ஏ புள்ள, அங்கன ஏன் நிக்க? பஸ் ஸ்டாண்டு பக்கம் அருணாதேவி வேலை பாக்குற மருந்துக்கடைக்குப் போ. பெரிய கம்பெனி பேரு இருக்காது, மருந்து அதேதான், கால் விலைக்குக் கெடைக்கும்" என்றீர்கள். என் விரலுக்கு? "மஞ்சள அரைச்சுப் பத்துப் போடு" என்றீர்கள்.

மஞ்சள் கிடக்கட்டும். அவள் கடை எங்கே இருக்கிறது, அங்கே என்ன விலை என்பதெல்லாம் இந்தூரில் இருக்கிற உங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கு வயிறு எரிந்தது, மறைக்க மாட்டேன். அவள் உங்கள் தாய்மாமன் மகள். உங்களுக்கென்று பேசி வைத்திருந்த பெண். மருந்துப் படிப்புப் படித்த பிள்ளைக்குப் பட்டாசு வேலைக்காரன் வேண்டாம் என்று அவள் அப்பா தட்டிவிட்ட பிறகுதான் என்னைப் பெண் பார்க்க வந்தீர்கள். இது ஊருக்கே தெரியும். அவளும் வருகிற மாப்பிள்ளையை எல்லாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு இருக்கிறாள். அவள் முன்னால் போய் நான் எப்படிக் கையை நீட்டுவேன்?

நீட்டவில்லை. வாசல் மெடிக்கலிலேயே பிள்ளைக்கு மட்டும் பாதி அட்டையை வெட்டி வாங்கி வந்தேன். கால் விலைக்கு விற்றால் அது கழிவுச் சரக்காகத்தான் இருக்கும், என் பிள்ளை தலையில் கட்டப் பார்க்கிறாள் என்று அத்தையிடமும் சொன்னேன். பாதி அட்டைக்கே வலி நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாரம் திரும்புவதற்குள் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கதறினாள். தலையணையெல்லாம் சீழ். டாக்டர் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். எழுதிக் கொடுத்ததை முழுசாகக் கொடுக்காமல் நிறுத்தினால் மிச்சக் கிருமி இன்னும் வீரியமாகக் கிளம்புமாம். வேறு மாத்திரை எழுதினார். அது முன்னதைவிட விலை. அன்றே போனில் உங்களிடமும் சொல்லி அழுதேன்.

மறுநாள் புஸ்வாணப் பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டே இருளம்மாள் அக்காவிடம் புலம்பினேன். எங்கள் வேலைதான் உங்களுக்குத் தெரியுமே. ஒரே அறையில் செய்த ஒரே புஸ்வாணம். மயில் லேபிள் ஒட்டினால் ஒரு வியாபாரிக்கு, ரயில் லேபிள் ஒட்டினால் இன்னொரு வியாபாரிக்கு. மயிலுக்கு விலை கூட. அக்கா என் கையில் இருந்த லேபிளைப் பிடுங்கி, "ஏட்டி, ரயிலு ஒட்டுனா புஸ்வாணம் பூக்காமலா போயிருது? மாத்திரையும் அப்பிடித்தான இருக்கும்? ஒனக்குக் கோவம் மாத்திரை மேலயா, அவ மேலயா?" என்று கேட்டாள். அறையே சிரித்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலமே அருணாதேவி கடைக்குப் போனேன். வெள்ளைக் கோட்டுப் போட்டு, தலையைத் தூக்கி வாரி, அழகாகத்தான் இருக்கிறாள் பாவி. என்னைப் பார்த்ததும், "வாங்கக்கா. அத்தான் நேத்துக்கூடப் பேசுனாக. பாப்பாவுக்கு மறுபடியும் காதுல சீழ் வடியுதாம்ல, எந்த மாத்திரை நல்லதுன்னு கேட்டாக" என்றாள். வாய் நிறைய அத்தான்! உங்களோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் நான் ‘சினேகா அப்பா’ என்றுதான் கூப்பிடுகிறேன். நான் சொந்தம் இல்லாத அசலில் இருந்து வந்தவள். அவள் பேசப் பழகின நாளிலிருந்தே உங்களை அத்தான் என்கிறவள்.

டாக்டர் எழுதிய மாத்திரையில் இருக்கும் மருந்தின் பெயரையும், தன்னிடம் இருந்த அட்டையில் இருக்கும் பெயரையும் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். இரண்டும் ஒன்றுதான். "சந்தேகமா இருந்தா டாக்டர்ட்ட காமிச்சிட்டே குடுங்கக்கா, ஆனா கடைசி மாத்திரை வரைக்கும் குடுத்துருங்க" என்றாள். காட்டினேன், அவரும் சரி என்றார். மிச்சப்பட்ட பணத்தில் சினேகாவுக்குச் செருப்பு வாங்கினேன். நல்லது செய்தவளை நல்லவள் என்று சொல்ல என் வாய்தான் வரமாட்டேன் என்கிறது.

அன்று கடையில் சில்லறை கொடுக்கும்போது என் விரலில் துணி சுற்றியிருந்ததை அவள் பார்த்துவிட்டாள். "என்னக்கா இது, இம்புட்டு வீங்கியிருக்கு? அத்தான் ஒண்ணுமே சொல்லலையே" என்றாள். சீட்டு என் பைக்குள்தான் இருந்தது. வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். நீங்கள் அவளோடு பேசியதற்காக அழவில்லை. அவ்வளவு பேசியிருக்கிறீர்கள், அதில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்றுதான்.

இப்போது வீக்கம் மணிக்கட்டுக்கு ஏறியிருக்கிறது, உடம்பும் சுடுகிறது. வேலைக்கு வராதே என்று போர்மேன் அனுப்பிவிட்டார். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். "இன்னைக்கே போயி மாத்திரைய வாங்கித் தின்னுத் தொலையேன்டி" என்று அத்தை திட்டிக்கொண்டே இருக்கிறார். சீட்டும் இருக்கிறது, பணமும் இருக்கிறது. நான்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இருக்கன்குடித் தாய் உங்களுக்கு ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். கடிதம் கிடைத்த உடனே ஒரு போன் போடுங்கள். "லட்சுமி, கை எப்படி இருக்கு" என்று நீங்களாகக் கேட்டால் போதும். அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய், அருணாதேவி கையாலேயே வாங்கி, அவள் கண் முன்னாலேயே முழுங்குகிறேன். தனுஷ்கோடி அண்ணனைச் சீக்கிரம் ஓட்டச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள்
செல்வலட்சுமி