பெரிசா வெட்டிவிடுங்க ஐயா

செங்கலடி,
2000, ஆவணி.

அன்பு மகள் சுந்தரிக்கு அம்மா எழுதிறது. கண்ணகை அம்மன்ட காவலில நாங்க மூண்டு பேரும் சுகமா இரிக்கம். சுகம் எண்டு எழுத இந்த முறைதான் கை கூசாம வருது. நீயும் மருமகனும் சின்னவளும் அந்தக் குளிருக்குள்ள நோய்நொடி இல்லாம இரிக்க வேணும் எண்டு விளக்கு வைக்கக்குள்ளயெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இரிக்கன். உன்ட தம்பி மூர்த்தி நடக்கான். முதல் அதை எழுதிப்போட்டு மறுகா மிச்சத்தை எழுதிறன், இல்லாட்டி நீ கடைசி வரைக்கும் நெஞ்சிடியோட வாசிப்பாய். போன கிழமை நீ கொமினிகேசன் கடைக்குப் போன் எடுக்கக்குள்ள லைன் இரைஞ்ச இரைச்சலில முதுகில ஒப்பரேசன் எண்டது மட்டும் உனக்குக் கேட்டு, நீ அங்க ஒப்பாரி வைக்க, இஞ்ச கடைக்குள்ள நிண்ட சனமெல்லாம் ஆரோ செத்துப்போன செய்தியாக்கும் எண்டு என்ட மூஞ்சைப் பாத்துக்கொண்டு நிண்டாங்க. அதான் அடியிலயிருந்து எழுதிறன். இதைத் தபாலில போடல்ல. வல்லிபுரத்தார்ட மகள் சுவிசுக்குத் திரும்பிறா, அவட கையில குடுத்து விடுறன், அதால மனசில கிடக்கிற எல்லாத்தையும் எழுதலாம். உன்ட அப்பா அப்பவும் ஆமி சென்றி எண்டு ஒண்டும் எழுதாத எண்டு சத்தம் போடுறார். அவர் போடட்டும்.

அவனுக்கு மில்லில நெல் மூட்டை இறக்கக்குள்ள இடுப்புப் பிடிச்சது உனக்குத் தெரியும். எல்லாருக்கும் பிடிக்கிற பிடிப்புத்தானே எண்டு இரிந்தம். நாட்டுவைத்தியம் செய்யிற பரியாரி எண்ணெய் பூசி உருவினார், அவர் உருவ உருவ இவன் கத்தினான். மறுகா வலி இடுப்பை விட்டு இறங்கி வலது தொடையால போய்க் கணுக்கால் வரைக்கும் கறண்ட் அடிச்ச மாதிரி இழுக்கத் தொடங்கிற்று. இருமினா இழுக்கும், தும்மினாக் கண்ணால தண்ணி வரும். நிமிர ஏலாம, மழைக்குச் சாஞ்ச பப்பாசி மரம் மாதிரி ஒரு பக்கம் சரிஞ்சு சரிஞ்சுதான் நடந்தான். உன்ட அப்பா அம்மன் குளிர்த்திச் சடங்குக்கு நேர்த்தி வைச்சார். நான் நேர்த்தியும் வைச்சுக் குளிசையும் குடுத்தன், அம்மனுக்கும் ஒரு கைஉதவி வேணும்தானே. கடைசியில மட்டக்களப்பு ஆசுபத்திரியில காட்டினம். டிஸ்க் விலகி நரம்பை அமத்துது, கொழும்பில ஸ்கேன் எடுத்து ஒப்பரேசன் செய்யவேணும், கால் பெலன் குறைஞ்சுகொண்டு வருது, சுணக்கினாப் பாதம் தூக்க ஏலாமப் போயிரும் எண்டு சொல்லிப்போட்டாங்க. இருவத்திநாலு வயசுப் பொடியன்.

ஊரில வாய் இரிந்த எல்லாரும் ஒண்டையேதான் சொன்னாங்க, முதுகெலும்பில கத்தி பட்டா ஆள் பாயோட எண்டு. உன்ட அப்பாவுக்கும் அந்தப் பயம்தான். எனக்கு அது இல்ல மகள், எனக்கு வேற பயம். வடு. நீ இஞ்சயிருந்து போய்க் கனகாலம், இப்பத்தைய நிலவரம் உனக்குத் தெரியாது. எங்கட பின்வளவு நல்லரத்தினம் சின்னதில வேலிக் கம்பியில விழுந்து தோளில கிழிச்சுக்கொண்டவன், நீதான் தூக்கிக்கொண்டு ஓடினாய், ஞாபகம் இரிக்கும். அந்தக் கம்பி கிழிச்ச வடுவை ஆமி சென்றியில சோதிக்கக்குள்ள கண்டு, இது சண்டையில பட்ட காயம் எண்டு ஏத்திக்கொண்டு போனவங்க. அவன் திரும்பி வர ஒரு வருசம் கிட்ட ஆச்சு. இப்ப கிணத்தடியில குளிக்கிறதும் சேட்டோடதான். இஞ்ச ஆம்பிளைப் புள்ளையளுக்கு உடம்பில ஒரு கீறல் இரிக்கப்படாது, முதல் ஐடென்டி காட்டைக் காட்டவேணும், மறுகா சேட்டைத் தூக்கவேணும். மூர்த்தி சரிஞ்சு நடக்கிறதுக்கே ரெண்டு தரம் ஒதுக்கி வைச்சு விசாரிச்சுப்போட்டாங்க. அதுக்கு மேல முதுகில ஒரு வெட்டும் விழுந்தா? மடியில கனமில்லாட்டி வழியில பயமில்ல எண்டுவாங்க, எங்கட புள்ளையளுக்கு மடியில ஒண்டுமில்ல, முதுகிலதான் கனம். வெட்டாட்டிக் கால் போகும், வெட்டினா ஆள் போவான் எண்டு இதையேதான் யோசிச்சுக்கொண்டு திரிஞ்சன்.

அப்பிடியே கிடக்க ஏலாதுதானே. ஏறாவூர் மர்சூக்கை உனக்குத் தெரியும், மில்லில அரிசி ஏத்த வாறவர். அவர்ட வானில பின் சீட்டைக் கழட்டிப்போட்டு மெத்தை விரிச்சு மூர்த்தியைக் கிடத்திக் கொழும்புக்குக் கொண்டு போனம். அப்பா மாடுகளோட வீட்டில நிண்டார், நானும் அவனும்தான். அங்க ஆசுபத்திரியில பெரிய டொக்டர் ஒரு சிங்கள மனிசன், நல்ல மனிசன். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில பிடிச்சுக் காட்டி விளங்கப்படுத்தினார். பக்கத்தில ஒரு யாழ்ப்பாணத்து டொக்டர்ப் புள்ள நிண்டு தமிழில சொல்லிச்சு, அவட தமிழ் எனக்கு அரைவாசிதான் விளங்கிச்சு, என்ட தமிழ் அவவுக்குக் காவாசி. முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவில மெத்தை மாதிரி ஒண்டு இரிக்காம், அதுக்குள்ள இளநி வழுக்கை மாதிரி ஒரு சாமான். மூர்த்திக்கு அந்த மெத்தை வெடிச்சு வழுக்கை வெளிய வந்து, காலுக்குப் போற நரம்பில குந்திக்கொண்டிரிக்காம். முந்தியெண்டா முதுகைப் பெரிசாக் கிழிச்சு, சதையெல்லாம் எலும்பை விட்டுப் பிரிச்சுத்தான் எடுப்பாங்களாம். இப்ப பெருவிரல் நகத்தை விடக் கொஞ்சம் நீளமா ஒரு வெட்டு, சதையை வெட்டாம ஒதுக்கிப் பிடிச்சுக்கொண்டு, பெரிசாக் காட்டிற மிசினால பாத்து அந்த வழுக்கையை மட்டும் கிள்ளி எடுத்துருவாங்களாம். மற்ற நாளே நடக்கலாமாம்.

எல்லாத் தாயும் அதைக் கேட்டாக் கும்பிடுவா. நான் என்ன செய்தன் தெரியுமா? கையைக் கூப்பிக்கொண்டு, குறை நினையாதீங்க ஐயா, பெரிசா வெட்டிவிடுங்க எண்டன். அந்த டொக்டர்ப் புள்ள அதைச் சொல்ல மாட்டன் எண்டுது. சொல்லு புள்ள எண்டு நிண்டன். மறுகா அது மெதுவாச் சொல்ல, பெரிய டொக்டர் சிரிச்சுப்போட்டார், எல்லாரும் சின்னனா வெட்டுங்க எண்டுதான் கேக்கிறவங்களாம். நான் சிரிக்கல்ல. நகத்தளவு வடுவெண்டாத் துவக்குச் சூடு பட்ட மாதிரி இரிக்கும் ஐயா, ஒரு சாண் நீளத்துக்கு நேரா வெட்டி, தையல் அடையாளம் ரெண்டு பக்கமும் ஏணி மாதிரித் தெரியத் தைச்சு விட்டாத்தான் ஆரு பாத்தாலும் டொக்டர்ட வேலை எண்டு விளங்கும் எண்டு சொன்னன். அந்தப் புள்ள அதையும் சிங்களத்தில சொல்லிச்சு. மனிசன் சிரிப்பை நிப்பாட்டிப்போட்டார். இது ஒப்பரேசன் வடு எண்டு துண்டு எழுதித் தாறன் எண்டார். துண்டு நனையும் ஐயா, கிழியும், வாங்கிறவன் திருப்பித் தராட்டி என்ன செய்யிற எண்டு நான் விடல்ல. நல்ல சதையைத் தேவையில்லாமப் பழுதாக்கினாப் பொடியன் மாசக்கணக்கில கிடப்பான், அதைத் தன்ட கையால செய்ய மாட்டன் எண்டு சொல்லிப்போட்டார். நான் அழத் தொடங்கிற்றன். அப்பதான் அதுவரைக்கும் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்த உன்ட தம்பி வாயைத் திறந்தான். அம்மா, எனக்கு நிமிந்து நடக்கத்தான் முதுகு வேணும், காட்டிறதுக்கு இல்ல எண்டான். நான் கண்ணைத் துடைச்சுப்போட்டு, உங்கட விருப்பப்படி செய்யுங்க ஐயா எண்டன்.

மற்ற நாள் காலமை ஒப்பரேசனுக்கு உள்ள கொண்டுபோனாங்க, நான் வெளி வாங்கில குந்தித் தெரிஞ்ச தேவாரமெல்லாம் சொல்லி, தெரியாததையும் சேத்துச் சொன்னன். மத்தியானம் வெளிய கொண்டுவந்து, அரைமயக்கத்தில கண்ணைத் திறந்தவன் முதல் சொன்னது பிளேன்டீ வேணும் எண்டு. மறுகா காலை அசைச்சுப் பாத்துப்போட்டு, அம்மா, இழுவை இல்ல எண்டான். எனக்கு நம்ப ஏலாம இருமிக் காட்டு எண்டன். இருமினான். இழுக்கல்ல. இன்னொருக்கா இரும வைச்சன், நேர்ஸ் என்னை ஏசினா. மற்ற நாள் கட்டிலால இறங்கிச் சுவரைப் பிடிக்காம நடந்தான். தையல் கழட்டும் வரைக்கும் கொழும்பில பொலிசில பதிஞ்சுபோட்டு ஒரு மடத்தில நிண்டம். கழட்டினாப் பிறகு பாத்தன் மகள், சின்ன வடு, சிவப்பா, நான் பயந்த மாதிரியே இரிந்துது.

மர்சூக்ட வானில திரும்பி வரக்குள்ள வழியில ஒரு சென்றியில எங்கட வானையும் ஒரு பஸ்ஸையும் மறிச்சு எல்லாரையும் இறக்கினாங்க. ஆம்பிளையளை ஒரு பக்கம் நிப்பாட்டிச் சேட்டைத் தூக்கச் சொன்னாங்க. மூர்த்திட முதுகைக் கண்ட பொடியன் ஆமி மற்றவனைக் கூப்பிட்டான். வெடி பட்டதா எண்டு கேட்டான். இவன் ஒப்பரேசன் எண்டு சொல்லித் துண்டை நீட்டினான், அவன் அதை விரிச்சும் பாக்காமப் பொக்கெட்டுக்குள்ள வைச்சுப்போட்டான். மர்சூக் சிங்களத்தில கதைக்கப் போனார், வாயைப் பொத்து எண்டுபோட்டாங்க. அப்ப கொட்டிலுக்குள்ளயிருந்து வயசான ஒருவன், சேட்டுக் கையில பதவிப் பட்டி வைச்சவன், வந்து வடுவைக் குனிஞ்சு பாத்தான், விரலால ரெண்டு பக்கமும் அமத்தினான். மறுகா தூரத்தில இரிந்த தார்ப் பீப்பாவைக் காட்டி நட எண்டான்.

நடந்தான் மகள். சேட்டைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு, வெயிலுக்குள்ள, எல்லாரும் பாக்க. மற்றவங்க ஆமிட துவக்கைப் பாத்துக்கொண்டு நிண்டாங்க, நான் அவன்ட முதுகைப் பாத்தன். சரிவில்ல. வார்ட்டுக்குள்ளயும் மடத்துக்குள்ளயும் நான் பக்கத்தில நிண்டுதான் பாத்தன், தூரத்தில நிண்டு பின்னால பாக்கிறது அண்டைக்குத்தான். நெட்டையா, நேரா, அவன்ட அப்பா வாலிபத்தில நடந்த மாதிரி நடந்து போறான். துவக்குக்கு முன்னால நிண்டு நான் சிரிச்சுப்போட்டன். பைத்தியக்காரி எண்டு நினைச்சிருப்பாங்க. அந்த வயசானவன் மற்றவனுக்கு என்னவோ சொல்லி, பொக்கெட்டுக்குள்ள கிடந்த துண்டை எடுப்பிச்சுக் குடுத்துப் போகச் சொன்னான். வானில ஏறினாப் பிறகுதான் மர்சூக் சொன்னார். அந்த இடத்தில வெடி பட்டவனைத் தூக்கிக்கொண்டுதான் போவாங்க, அவன் இப்பிடி நடக்க மாட்டான், இது டொக்டர்ட கைவேலைதான் எண்டானாம். எனக்கு அப்பதான் விளங்கிச்சு. நான் கேட்ட மாதிரிப் பெரிசா வெட்டியிருந்தா இவன் அந்த நேரம் அப்பிடி நடந்திருக்கவே மாட்டான். கடவுள் சில நேரம் நாம கேக்கிறதைக் காதில வாங்காம விடுறதும் நல்லதுக்குத்தான். ஆனா, பஸ்ஸால இறக்கின வேற ஒரு பொடியனை அங்கயே இருத்தி வைச்சிருந்தாங்க, அவனுக்கு முழங்கையில வடு. அவன்ட தாய் ஆரோ தெரியாது. அவனுக்கும் சேத்துத்தான் விளக்கு வைக்கன்.

இப்ப வீட்டில ஒரே சண்டை. மூட்டை தூக்கப்படாது, குனிஞ்சு வேலை செய்யப்படாது எண்டு டொக்டர் சொன்னதால இவன் வரம்பில நிண்டுகொண்டு அப்பாவுக்கு வேலை சொல்லுறான். பெரும்போகத்துக்கு வயல் வட்டையில உழவு தொடங்கினா ரெண்டு பேரையும் பிடிக்க ஏலாது. வாவியில இந்த மாசம் இறால் நல்லாப் படுது, உன்னை நினைச்சு நினைச்சுத்தான் சாப்பிட்டம், மிச்சம் வைக்கல்ல.

இனி உன்ட கதைக்கு வாறன். போனில நீ அழுது ஓஞ்சாப் பிறகு, இடது கால் சின்ன விரல் பக்கம் விறைக்குமா, கதிரையில குந்தினாக் கூடுமா எண்டு கேட்டாய். மகள், நான் இடது கால் எண்டு சொல்லவே இல்ல. அவனுக்கு வலது. எத்தின மாசமா மறைக்காய்? அந்த வயோதிபர் இல்லத்தில ஆக்களைத் தூக்கிறதும் பிரட்டுறதும் நீதானே. இஞ்ச எங்களுக்கு ஏற்கனவே ஒரு நோயாளி கிடக்கெண்டு நீ பல்லைக் கடிச்சுக்கொண்டிரிக்கிறது எனக்கு விளங்காதா? மருமகனுக்காவது சொன்னியா? தூக்கக்குள்ள முழங்காலை மடிச்சுக் குந்தித் தூக்கு, இடுப்பால வளையாத, தும்மல் வந்தா எதையாவது பிடிச்சுக்கொள். பரியாரி, எண்ணெய் எண்டு ஒண்டும் வேணாம், டொக்டரிட்டக் காட்டு. இவ்வளவையும் நான் விரல் நோக எழுதினது உன்ட தம்பிட கதையைச் சொல்ல மட்டும் இல்ல. வெட்ட வேணும் எண்டு சொன்னாப் பயப்படாத. உன்ட சட்டையைத் தூக்கிப் பாக்க அங்க ஒரு சென்றியும் இல்ல. அவங்க எவ்வளவு சின்னனா வெட்டினாலும் வெட்டட்டும்.

கண்ணகை அம்மன் உன்ட இடுப்பையும் காலையும் காத்துத் தரட்டும், நீ பெத்த புள்ளையைத் தூக்கிற பெலன் உனக்கு எண்டைக்கும் இரிக்கட்டும். மருமகனுக்கும் சின்னவளுக்கும் எங்கட ஆசி. சுகம் எண்டு சொல்லச் சும்மா போன் எடுக்காத, டொக்டரிட்டப் போன செய்தியோட எடு, நான் கொமினிகேசனில வந்து குந்திறன்.

உன்னைச் சுமந்த,
அம்மா தெய்வமணி.