உம்மா அனுப்பிய காப்பு

மாத்தளை
26.05.2024

அன்பு மகள் றுக்ஸானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கண்டி டொக்டர் சொன்னதை மறந்துவிடாதே. கவலையோ அதிர்ச்சியோ வந்தால் உடம்பில் ஏதோ ஹோர்மோன் ஊறுமாம். அது மூளையில் ஓடுகிற மின்சாரத்தைக் கிளப்பிவிடுமாம். பிறகு உனக்கு வலிப்புதான். அதனால் வீட்டுக் கவலை எதையும் தலையில் போட்டுக்கொள்ளாதே. மாத்திரையைத் தவறவிடாதே. போன் வெளிச்சமும் உனக்குக் கூடாது, இனிக் கடிதமே எழுதுவோம்.

வாப்பா சுகம். உன் மாப்பிள்ளை நிஸ்தார் போன கிழமை டிராக்டர் சாமான் வாங்க வந்தவர், ஒரு வாய் சோறு தின்னாமல் போய்விட்டார். இதென்ன பழக்கம்?

உம்மா

வில்கமுவ
05.06.2024

அன்புள்ள உம்மாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். சாமான் வாங்கப் போனவர் வெறுங்கையோடுதான் வந்தார். நான் வீட்டுக்குப் போன் எடுத்தால் ஹஸீப் நானாதான் பேசுகிறார். வாப்பா தூங்குகிறாராம். வாப்பாவுக்கு எப்போதிருந்து இவ்வளவு தூக்கம்?

திரும்பவும் வலிப்பு வருகிறது. மூளை அலைகளைப் படம் எடுத்தார்கள். போன தடவையை விடக் குழம்பியிருக்காம். எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று டொக்டர் கேட்டார். தெரியவில்லை என்றேன். போன தடவை தலை முழுக்க வயர் ஒட்டியிருந்ததைப் பார்த்து வாப்பா, "நம்ம புள்ளைக்கு கரண்ட் பில் வராதா?" என்று கேட்டுச் சிரிக்கவைத்தார். பெருநாளைக்காவது இரண்டு பேரும் வாருங்கள்.

றுக்ஸானா

மாத்தளை
15.06.2024

அன்பு மகளுக்கு,

என் முழங்காலோடு அவ்வளவு தூரம் பஸ்ஸில் வர ஏலாது. கோபிக்காதே. மூத்தவன் ஹஸீபிடம் வட்டிலப்பமும் என் தங்கக் காப்பு இரண்டும் அனுப்புகிறேன். பெருநாளைக்குப் போட்டுக்கொள். எனக்கு இப்போது எதற்கு?

உம்மா

வில்கமுவ
24.06.2024

உம்மா,

வட்டிலப்பம் நன்றாக இருந்தது. காப்பை நான் போடவில்லை.

மாப் பிசையும்போதுகூட நீங்கள் கழற்றாத காப்பு அது. நம்மில் ஒருத்தி நகையைக் கழற்றி, வெள்ளை உடுத்து, வெளியே இறங்காமல் இருப்பது எப்போது என்று எனக்குத் தெரியாதா? நிஸ்தாரிடம் கேட்டேன். அன்று சாமான் வாங்கப் போகவில்லை என்று ஒத்துக்கொண்டார்.

நீங்கள் துக்கம் காத்து இத்தா இருக்கிறீர்கள். வாப்பா மௌத்தாகி, அடக்கியும் விட்டீர்கள். என் மாப்பிள்ளைகூட ஜனாஸாவுக்கு வந்தார். பெற்ற பிள்ளை முகம் பார்க்கவில்லை.

அன்று முழுக்க அழுதேன். எல்லோரும் பயந்தார்கள், வலிப்பு வரவில்லை. நீங்கள் மறைத்த நாட்களில்தான் வந்தது உம்மா. என்னமோ நடந்திருக்கிறது, என்னவென்று தெரியவில்லை என்ற அந்தப் பயம்தான் என்னைத் தின்றது.

ஒன்றை மட்டும் எழுதுங்கள். வாப்பா கடைசியில் என்னைக் கேட்டாரா? என் தலைக்கு ஆகுமா ஆகாதா என்று பார்க்காமல் உண்மையை எழுதுங்கள்.

றுக்ஸானா

மாத்தளை
01.07.2024

என் மகளுக்கு,

போனில் பேசினால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் கடிதம் எழுதினேன்.

கேட்டார். நெஞ்சு வலி வந்ததும் முதலில் உன்னைத்தான் கேட்டார். "றுக்ஸானாவ வரச் சொல்லுங்க" என்றார். ஹஸீப் போனை எடுத்தான். உடனே அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம், வேணாம். புள்ள பயந்துடும், தலைக்கு ஆகாது. வாப்பா சுகம்னு சொல்லுங்க" என்றார். அதன் பிறகு கலிமாதான் சொன்னார்.

நான் என்ன செய்வேன் மகள்? அவர் சொல்லச் சொன்னதைத்தான் உனக்கு எழுதினேன்.

உம்மா