போல்ட் போட்ட வீடு விற்பனைக்கு

ஜனவரி 12

கேப்டனாக இல்லாமலே கட்டளை போடும் அன்பு அப்பாவுக்கு,

நலம். நீங்களும் கப்பலும் நலமா? உங்கள் அக்கா, அதாவது என் அத்தை, அதாவது பரீட்சை முடியும்வரை என்னைக் கண்காணிக்கும் தனிப்படை, நலம். அம்மா மாற்றலாகிப் போன ஊரில் ஆஸ்பத்திரி டியூட்டியோடு நலம். அம்மாவோடு போன தம்பி குட்டிப்பயல் புதுப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கு நலமில்லாத அளவுக்கு நலம். ஆக, நாலு பேர் மூன்று இடத்தில் நலமாக இருக்கிறோம். இந்த வீடு விற்றதும் நீங்கள் கப்பலை விட்டு இறங்கி, அம்மா ஊரில் ஒர்க்‌ஷாப் வைத்து, நாலு பேரும் ஒரே இடத்தில் நலமாக இருக்கப்போகிறோம். போகும்போது நீங்கள் சொன்னதுதான். ஞாபகப்படுத்தவில்லை, பேனா எழுதுகிறதா என்று பார்த்தேன்.

நேற்று புரோக்கர் அண்ணன் ஒரு தம்பதியைக் கூட்டி வந்தார். "உள்ள வாங்க" என்றேன். வந்தார்கள், அந்தக் கணவர் மட்டும் விழுந்து வந்தார். முழங்கால் உயரத்துக்கு நீங்கள் கட்டி வைத்திருக்கும் நிலைப்படியை அவர் கவனிக்கவில்லை. நான் விழுந்து விழுந்து சிரிக்க வேண்டிய இடம். அவரே அந்த வேலையில் பாதியைச் செய்துவிட்டதால் மீதியை மட்டும் நான் பார்த்துக்கொண்டேன்.

"யாருங்க வாசல்ல அணை கட்டினது?"

"எங்கப்பா. தண்ணி உள்ள வரக் கூடாதுன்னு."

"எந்தத் தண்ணி?"

"கடல் தண்ணி."

"கடல் எங்கம்மா இருக்கு?"

"ரயில் ஏறினா மறுநாள் காலையில வந்துரும்."

அத்தை என் தொடையில் கிள்ளினாள். அப்புறம் மரியாதையாக, "நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காருங்க" என்றாள். அவர் இழுத்தார். அதுதான் தரையோடு போல்ட் போட்டிருக்கிறதே! மேஜைக்கும் நாற்காலிக்கும் நடுவே உங்கள் வயிற்றுக்கு அளவெடுத்து இடம் விட்டிருக்கிறீர்கள். புரோக்கர் அண்ணனுடைய தொப்பை அதற்குள் போயிற்று. திரும்பி வர மறுத்துவிட்டது.

அந்த அம்மா வட்ட ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "வாஷிங் மெஷினுக்குள்ள இருந்து எட்டிப் பாக்கற மாதிரி இருக்கு" என்றார். எனக்கும் ரொம்ப நாளாக அப்படித்தான் இருந்தது, சொல்லத் தெரியவில்லை.

அப்பா, நாற்காலிகளையாவது கழற்றி விடலாமா? ஸ்பேனர் இருக்கிற இடம் எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
வாலு

---

பிப்ரவரி 6

அன்பு மகள் வாலுவுக்கு,

துறைமுகத்து ஆபீசில் உன் கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு நான் சிரித்ததில் சமையல்காரர் என்னவென்று கேட்டார். வாசித்துக் காட்டினேன். அவர் நாற்காலி விஷயத்தில் என் பக்கம்.

சில விஷயங்களைக் கவனி. நிலைப்படி உயரம் என்பவர்களிடம் காலைத் தூக்கி வைக்கச் சொல். மாடிப்படி செங்குத்தாக இருக்கிறது என்றால், இறங்கும்போது பின்புறமாக இறங்கச் சொல், கம்பி இருபக்கமும் இருக்கிறது. மேஜை விளிம்பில் தடுப்பு எதற்கு என்று கேட்டால், தட்டு வழுக்காது என்று சொல். நாற்காலி போல்ட்டுக்கு மாதம் ஒருமுறை கிரீஸ் தடவு. எதையும் கழற்றாதே. அந்த வீட்டில் ஒவ்வொரு நட்டும் நான் லீவில் வந்து என் கையால் முடுக்கியது. அருமை தெரிந்தவன் வருவான்.

போனில் பேசினால் பாதி நேரம் 'ஹலோ கேக்குதா'விலேயே போய்விடும். எழுது. அத்தையைப் படுத்தாதே.

அன்புடன்,
அப்பா

---

மார்ச் 1

அன்புள்ள அப்பாவுக்கு,

அருமை தெரிந்தவன் வருவான் என்றீர்களே, அவன் சீக்கிரம் வரட்டும் என்று ஒரு சின்ன உதவி செய்தேன். புரோக்கர் அண்ணன் எழுதி வைத்திருந்த விளம்பரத்தில் 'விசாலமான தனி வீடு' என்று இருந்தது. அதை அடித்துவிட்டு, 'கடல் இல்லாத ஊரில் கப்பல் விற்பனைக்கு. மூழ்காது என்று உத்தரவாதம்' என்று மாற்றினேன்.

வந்தார்கள் அப்பா! ஞாயிற்றுக்கிழமை தெருவே வந்தது. ஒரு கால்பந்து டீம் மொத்தமாக வந்து மாடிப்படியில் ஏறி இறங்கி விளையாடிவிட்டுப் போனது. ஒருத்தர் பாத்ரூமில் விளக்கு சுவிட்ச் என்று நினைத்து நீங்கள் வைத்த சிவப்பு பட்டனை அழுத்திவிட்டார். எல்லா அறையிலும் அபாய மணி அடித்தது. தூங்கிக்கொண்டிருந்த அத்தை தலையணையோடு தெருவுக்கு ஓடிவிட்டாள். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுக்குக்கூட மேஜையைத் தட்டித்தான் கூப்பிடுகிறாள்.

அத்தனை கூட்டத்தில் ஒரே ஒரு பாட்டு டீச்சர் மட்டும் நிஜமாகவே வாங்குவதாகச் சொன்னார். ஹாலில் நாற்காலிகளைக் கழற்றினால் பிள்ளைகளை உட்கார வைப்பாராம். ஜன்னல்களைத் திறக்கிற மாதிரி மாற்ற வேண்டுமாம். "காத்து வராத வீட்ல சங்கதி எப்படிம்மா வரும்?" என்கிறார். நியாயம்தானே? அம்மாவுக்குச் சம்மதம். வீடு அம்மா பேரில் இருந்தாலும், "அவர் கையால கட்டினது, அவரக் கேக்காம ஒரு ஆணியக்கூட தொடமாட்டேன்" என்கிறாள்.

கேட்கிறேன். தொடலாமா?

வாலு

---

மார்ச் 27

அன்பு வாலு,

விளம்பரத்தை மறுபடி தொட்டால் காதைத் திருகுவேன், லீவில் வந்ததும்.

டீச்சரிடம் சொல்: சதுர ஜன்னலில் மூலைக்கு மூலை விரிசல் வரும். வட்டத்துக்கு மூலையே இல்லை, விரிசலும் வராது. அதனால்தான் கப்பலில் அப்படி வைக்கிறோம். ஜன்னலை இடித்தால் சுவரையும் தொட வேண்டி வரும். வேண்டாம். வேறு ஆள் பார்க்கலாம்.

மொட்டைமாடிக் கம்பியில் துருப் பிடித்திருக்கிறதா என்று பார்த்து எழுது.

அப்பா

---

ஏப்ரல் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

உட்கார்ந்து படியுங்கள். உங்கள் நாற்காலி அங்கேயும் போல்ட் போட்டதுதானே, விழமாட்டீர்கள்.

அருமை தெரிந்தவர் வந்துவிட்டார்!

ஒரு அக்கா. இடுப்புக்கு ஒன்றாக இரட்டைக் குழந்தைகள், இரண்டும் தவழ்கிற வயது. வாசலில் காலைத் தூக்கி வைத்து, விழாமல் வந்தார். அங்கேயே எனக்குப் பிடித்துப்போயிற்று. குழந்தைகளைத் தரையில் விட்டார். அவை நேராக அடுக்களை நிலைப்படி வரை போயின, முட்டின, முறைத்தன, திரும்பின. "ஐயோ, இத்தன நாளா இப்படி ஒரு வீட்டத்தான் தேடிக்கிட்டிருந்தேன்!" என்று அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். குழந்தைகள் நாற்காலியைப் பிடித்து இழுத்தன, அசையவில்லை. அம்மா மடியில் ஏறி மேஜையில் தம்ளரைக் கவிழ்த்தன, தண்ணீர் கீழே சொட்டவில்லை. உங்களுக்குப் பிறகு இந்த வீட்டை யாராவது இப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை.

அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று. அவருடைய மாமனார் சக்கர நாற்காலியில் இருக்கிறார். முன்வாசல் படியையும் பாத்ரூம் படியையும் மட்டும் வெட்டிக் கொடுக்க வேண்டும். சரிவுப் பலகை போடலாமா என்றும் பார்த்தாயிற்று. உங்கள் படி உயரத்துக்குப் பலகை சாய்த்தால் அது தெருவின் நடுவில் போய் முடிகிறது. பாத்ரூமில் அதற்கு இடமே இல்லை. மற்ற படிகள், ஜன்னல், போல்ட், அபாய மணி, எல்லாம் அப்படியே வேண்டுமாம்.

எனக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. பெட்டி கட்டியாயிற்று. அத்தையும் மகன் வீட்டுக்குப் போகத் தயார். உங்களிடமிருந்து இரண்டே எழுத்து வந்தால் போதும். 'சரி'.

ஆவலுடன்,
வாலு

---

மே 9

அன்பு வாலு,

அந்தப் பெண் கெட்டிக்காரி. ஆனால் படியை வெட்ட முடியாது. உள்ளே கம்பி வைத்து, தரையோடு சேர்த்து ஒரே வார்ப்பாக ஊற்றியிருக்கிறேன். வெட்டினால் தரை முழுக்க அதிரும். அளவோடு ஒரு படம் வரைந்து பின்பக்கத்தில் வைத்திருக்கிறேன், கொத்தனாரிடம் காட்டு, அவருக்கே புரியும்.

இவ்வளவு பொருத்தமாக ஒருத்தர் வந்தால், இன்னும் பொருத்தமாக ஒருத்தர் வருவார். அவசரம் எதற்கு?

அப்பா

---

மே 24

அப்பாவுக்கு,

கொத்தனாரிடம் படத்தைக் காட்டினேன். "ஒரு நாள் வேலம்மா. தரைக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

டீச்சர் கேட்டபோது ஜன்னலுக்கு விரிசல் வரும் என்றீர்கள். இந்த அக்கா கேட்டபோது தரை அதிரும் என்கிறீர்கள். நாளைக்கு ஒருத்தர் ஒன்றுமே கேட்காமல் வாங்க வந்தால், அவர் செருப்பு சரியில்லை என்பீர்களா?

படியைப் பற்றி முக்கால் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். என் பரீட்சையைப் பற்றி ஒரு வரி இல்லை. குட்டிப்பயலுக்கு முன்பல் விழுந்ததை அம்மா உங்களுக்கு எழுதியிருக்கிறாள், அதற்கும் பதில் இல்லை. மொட்டைமாடிக் கம்பியில் துரு இல்லை. எங்களுக்குத்தான் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது.

நான் எதிலும் விளையாடுவேன் என்று உங்களுக்குத் தெரியும். இதில் விளையாடவில்லை. நேராகக் கேட்கிறேன். இந்த வீடு விற்க வேண்டுமா, வேண்டாமா? நீங்கள் வருகிறீர்களா, இல்லையா?

அந்த அக்கா இந்த மாதக் கடைசி வரை காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன். நான் யாரிடமும் கெஞ்சியதில்லை, அத்தையைக் கேளுங்கள்.

உங்கள் மகள்

---

ஜூன் 14

அன்பு மகளுக்கு,

பரீட்சை எப்படி எழுதினாய் என்று கேட்காதது தப்பு. எப்படி எழுதினாய்?

லீவில் வந்தால் முதல் சில நாள் எனக்குத் தரை ஆடும். உங்களிடம் சொன்னதில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் அறைக்கு அறை போவேன். கட்டிலுக்கு ஓரத்தில் பலகை இல்லாவிட்டால் தூக்கம் வராது. அதனால் வீட்டை இப்படிக் கட்டினேன். சரியாகிவிடும் என்று நினைத்தேன். தரை ஆடுவது நின்ற பிறகும், லீவு முடிந்து பெட்டி கட்டும்போதுதான் எனக்கு மூச்சு சீராக வரும். அதையும் சொன்னதில்லை.

இங்கே எந்த பம்ப் எப்போது மக்கர் பண்ணும் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். அங்கே நீ கோபமாக இருக்கிறாயா, வேடிக்கை பண்ணுகிறாயா என்று முகத்தைப் பார்த்தும் எனக்குத் தெரிவதில்லை. உன் கடிதம் படித்துத்தான் தெரிந்துகொள்கிறேன். அந்தப் படிகளை வெட்டிவிட்டால், நான் வந்து இறங்க ஒரு இடம் இல்லாமல் போய்விடும் என்று தோன்றுகிறது.

போன வாரம் சீஃப் இன்ஜினியர் கேட்டார். இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆகவே வீட்டுக்கு இப்போது அவசரமில்லை. அம்மாவுக்கு நானே பக்குவமாக எழுதிக்கொள்கிறேன். நீ சொல்லாதே.

அப்பா

---

ஜூலை 20

அன்புள்ள அப்பாவுக்கு,

சொல்லாதே என்றீர்கள், சொல்லவில்லை. அம்மா வந்திருந்தாள், கடிதத்தை அப்படியே கையில் கொடுத்துவிட்டேன்.

நின்றுகொண்டே படித்தாள். மடித்துக் கைப்பையில் வைத்தாள். "கொத்தனாருக்குப் போன் போடு" என்றாள்.

மறுநாள் காலையில் ஆரம்பித்து விளக்கு வைக்கிற நேரம் வரை ஆயிற்று. "கோட்ட மாதிரி ஊத்தியிருக்காருப்பா" என்று கொத்தனார் வியர்வையைத் துடைத்துத் துடைத்துச் சொன்னார். உங்களுக்குப் பெருமையாக இருக்கட்டும் என்று எழுதுகிறேன். தரை அதிரவில்லை. அத்தை அடுக்களையில் கொஞ்சம் அழுதாள், அப்புறம் கொத்தனாருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அம்மா கடைசிவரை பக்கத்திலேயே நின்றாள், கண்ணில் தூசி விழுந்தும் நகரவில்லை. தூசிதான் என்று அவள் சொன்னாள்.

பத்திரம் முடிந்து சாவி கொடுத்த அன்று அந்தத் தாத்தா சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு உள்ளே போனார். ஹால் வரை போய்விட்டுத் திரும்பி, "இன்னொரு தடவ போய்ட்டு வரட்டுமா?" என்று என்னைக் கேட்டார். அவர் வீடு, என்னைப் போய்க் கேட்கிறார்!

இப்போது அம்மா ஊரில் இருக்கிறோம். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில், மாடியில் இரண்டு அறை. விலாசம் கவரின் பின்னால் இருக்கிறது. ஜன்னல் திறக்கிறது. காற்றில் காலண்டர் படபடவென்று அடித்துக்கொள்கிறது. குட்டிப்பயல் நாற்காலியைக் கார் என்று சொல்லி வீடு முழுக்க ஓட்டுகிறான். கீழ்வீட்டுக்காரர் இரண்டு தடவை மேலே வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். பரீட்சை நன்றாக எழுதினேன், கணக்கு மட்டும் சுமார்.

நீங்கள் எழுதியதைப் பற்றி யோசித்தேன். தரை ஆடினால் எங்களிடம் சொல்லியிருக்கலாம் அப்பா. கம்பியைத் தேடியிருக்க வேண்டாம், நாங்கள் மூன்று பேர் சும்மாதானே சுற்றிக்கொண்டிருந்தோம்? எனக்கு இன்னும் கோபம்தான். முகத்தைப் பார்த்துத் தெரியாது என்றீர்களே, அதனால் எழுதிவிடுகிறேன்: கோபம்.

நேற்று அம்மா பாத்திரக் கடைக்குக் கூட்டிப் போனாள். தட்டு எடுத்தாள். மூன்று எடுத்தாள். கடைக்காரர், "நாலா போட்டுரவா, செட்டா இருக்கும்" என்றார். "மூணு போதும்" என்றாள். நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா பையைப் பார்த்தாள்.

நாலாவதை நான் போய் வாங்கப் போவதில்லை. அதை நீங்கள்தான் வாங்க வேண்டும். கடை எங்கள் தெருமுனையிலேயே இருக்கிறது, பச்சை போர்டு. ஞாயிறு மட்டும் லீவு.

வாலு