மூன்றாவது வீடியோவில் உன் கைகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், நீ நலமா என்று ஒப்புக்குக் கேட்கவில்லை, பதில் வேண்டும் என்றுதான் கேட்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, வாய்க்குத்தான் ஓய்வே இல்லை. உன் தம்பி வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே மேனேஜரோடு மல்லுக்கு நின்றான், இப்போது பெட்டிப்பாம்பாக அடங்கிக் கிடக்கிறான்.

அந்த நாட்டு மொழி வகுப்பில் பேசுவதற்காக நீ வீட்டில் பழகி அனுப்பிய மூன்று வீடியோக்களையும் பார்த்தேன். அந்த மொழியில் எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது, ஆனால் கை தெரியும். கட்டட வேலையில் இருபத்தாறு வருடமாகக் கிரேன்காரருக்குச் சாடை காட்டியே சோறு தின்கிறவன் நான், அந்த இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. முதல் வீடியோவில் போனை எதிலோ சாய்த்து வைத்துவிட்டுத் தனியாகப் பேசினாய், வார்த்தை வராத இடத்தில் கையாலேயே சமாளித்துச் சிரித்தாய். வகுப்பிலும் அப்படித்தான் நிற்க வேண்டும், காலை ஊன்றி, உள்ளங்கை தெரிய, கடைசி வரிசையைப் பார்த்து. மூன்றாவதில் போனை யாரோ பிடித்திருக்கிறார்கள், படம் ஆடுகிறது. மாப்பிள்ளைதானே, அந்த வீட்டில் வேறு யார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் நீ போனுக்குச் சற்று மேலே பார்க்கிறாய், உத்தரவு கேட்பதைப் போல. முதுகுக்குப் பின்னால் வைத்த இடது கையைக் கடைசி வரை எடுக்கவே இல்லை. நடுவில் நீ தடுமாறியதும் போன் ஒரு அடி கிட்டே வந்தது, நீ தோளைக் குறுக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்து சுவரில் இடித்துக்கொண்டாய். அம்மாவிடம் காட்டினேன், புது பாஷைன்னா கூச்சம் இருக்காதா, மாப்பிள்ளை தங்கமானவர், நீங்க எதுக்கெடுத்தாலும் குத்தம் கண்டுபிடிப்பீங்க என்றாள். கூச்சப்படுகிற புது ஆட்களை நான் தினம் பார்க்கிறேன், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அலைய விடுவார்கள். நீ அப்படி இல்லை. நாலு நாளாக அந்த வீடியோவையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன்.

போனில் கேட்கலாம் என்றால் இப்போதெல்லாம் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறாய், பக்கத்தில் அவர் இருமுவது எனக்குக் கேட்கிறது. அதனால்தான் இதை உன் டீச்சர் பெயருக்கு வகுப்பு முகவரியில் அனுப்புகிறேன். படித்ததும் அங்கேயே கிழித்துப் போடு, வீட்டுக்கு எடுத்துப் போகாதே. அடுத்த வீடியோவுக்கு அப்பாவின் வேலை என்று தலைப்பு எடுத்துக்கொள். சின்ன வயதில் என்னிடம் கற்று, தம்பியைக் கிரேனாக்கி வீடெல்லாம் ஏவினாயே, அந்தச் சாடைகளைச் செய்து காட்டு, யாருக்கும் சந்தேகம் வராது. எல்லாம் சரி என்றால் விரலை மேலே நீட்டிச் சுற்றி, பாரத்தை மேலே தூக்கச் சொல்லும் சாடையோடு முடித்துவிடு. அப்பா ஒரு பயந்தாங்கொள்ளி என்று அம்மா ஆயுசுக்கும் சிரிக்கட்டும், எனக்கு அதுதான் வேண்டும். சரியில்லை என்றால் கடைசியில் இரண்டு கையையும் அகல விரித்து அவசர நிறுத்தம் காட்டு. அந்தச் சாடையை யார் காட்டினாலும், தரை கூட்டுகிறவர் காட்டினாலும், கிரேன்காரர் காரணம் கேட்கக் கூடாது, அந்த நொடியே நிறுத்த வேண்டும். நானும் கேட்க மாட்டேன். பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துவிட்டேன், தம்பியும் லீவு சொல்லிவிட்டான்.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும் கண்ணு. மறந்துவிடாதே, இடது கையும் படத்துக்குள் தெரியட்டும்.

உன் கையையே பார்த்துக்கொண்டிருக்கும்
அப்பா